அண்டாவில் கட்டிய காரையும் கடற்கரையின் வயதும்

எங்கள் வீட்டு வெந்நீர்ச் செப்பு அண்டா முதல் பொதுத் தேர்தல் நடந்த வருடத்து ஐப்பசியில், செங்கல்பட்டுக் கடைத்தெருவில் வாங்கியது. சனிக்கிழமை மாலை, மழை விட்டு அரை மணி கழித்து. நாட்குறிப்பில் இருக்கிறது. எதையும் நாளோடு எழுதி வைக்கிறவன் நான். கூடத்துச் சுவரில் விரிசல் விட்ட நாள், எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்ட நாள், என் மனைவி என் பேச்சை மறுக்காமல் ஒப்புக்கொண்ட நாள் என்று எல்லாமே கிழமையோடு கிடைக்கும். கடைசியாகச் சொன்னதற்கு இரண்டே பதிவுகள்தான்.

அந்த அண்டாவை வைத்து நான் மாமல்லபுரம் கடற்கரைக்கு வயது கண்டுபிடித்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் சுக்கான் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அலுவலக நண்பர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். அவர்கள் கோயில்களைப் பார்க்கப் போனார்கள். நான் அவற்றை ஏழு தடவை பார்த்துவிட்டபடியால் மேற்கே நடந்து கால்வாய்க் கரைக்குப் போனேன். கரை ஓரிடத்தில் நேராகச் சரிந்திருந்தது. மேலே பழுப்பு மணல். கீழேயும் மணல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் கனத்துக்கு வெள்ளையாக ஒரு தட்டு, யாரோ தளம் போட்டு மண்ணைக் கொட்டி மூடியது போல நீளமாக ஓடிற்று. விரல் நகத்தால் கீறினேன். நகம்தான் உடைந்தது.

உப்பு ஏற்றிய படகை நிறுத்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் அது என்னவென்று கேட்டேன்.

"சுக்கான் சார். கடப்பாரய வெச்சா கடப்பாரதான் வளையும்."

"எத்தனை வருஷமாக இருக்கிறது?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க நைனா காலத்துலயே கீது" என்றார்.

கடற்கரையின் வயது பற்றி எனக்குக் கிடைத்த முதல் மதிப்பீடு அது. போதாது என்று பட்டது.

ஊருக்குத் திரும்பியதும் நூல்நிலையத்தில் மண்ணைப் பற்றியும் கல்லைப் பற்றியும் இருந்த புத்தகங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். எடுத்தவர் பட்டியலில் எனக்கு முன்னால் யாருமில்லை. தூர தேசத்துத் தீவுகளில் சுண்ணாம்பு மலைகளே இருக்கின்றனவாம். வெப்ப நாட்டு மழை அந்த மலைகளைச் சர்க்கரைப் பொம்மையைக் கரைப்பது போலக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிப் போகிறது. பிறகு வெயில் காலத்தில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு போக வழியில்லாமல் அங்கேயே தங்கி ஓடாக இறுகிவிடுகிறது. மழை கரைக்க, வெயில் கட்ட, இப்படி வருடத்துக்கு ஒரு மெல்லிய பூச்சு. நம் பக்கத்தில் சுண்ணாம்பு மலை கிடையாது. ஆனால் கடலோர மணலில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. கிளிஞ்சல் கரைந்தால் சுண்ணாம்பு. ஆக, கால்வாய்க் கரையில் நான் பார்த்த தட்டு நத்தைகளும் சிப்பிகளும் கரைந்து உறைந்த ஓடு. ஒரு சாண் ஓடு கட்ட எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்பதைத்தான் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை குளிக்கும்போது அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைத் தினமும் காய்ச்சியதில் அண்டாவின் உள்பக்கம் முழுக்க வெள்ளையாகக் காரை கட்டியிருந்தது. கால்வாய்க் கரையில் பார்த்த அதே வெள்ளை. அதே கரடுமுரடு. அண்டா வாங்கிய நாள் என்னிடம் இருக்கிறது. காரையின் கனம் தெரிந்தால் ஒரு வருடத்துக்கு எவ்வளவு கட்டுகிறது என்று தெரிந்துவிடும். வயது சொல்லும் கடிகாரத்தை வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டு நூல்நிலையத்தில் அலைந்திருக்கிறேன்.

அன்றே வீட்டில் அறிவித்தேன்: இனி அண்டாவை வெளிப்பக்கம் மட்டும்தான் துலக்க வேண்டும். உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது.

"எத்தினி நாளைக்கு?" என்றாள் மனைவி.

"பத்து வருஷமாவது ஆகட்டும். அப்போதுதான் கணக்குச் சரியாக வரும்."

அவள் என்னைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதினேன்.

அதன் பிறகு நானும் அண்டாவுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அளவு கருவியை அடிக்கடி தொந்தரவு செய்யக் கூடாது என்பது என் கொள்கை. தண்ணீர் காயும் நேரம் மட்டும், நடுவில் ஒரு தடவை நல்ல விறகின் உபயத்தால் குறைந்ததைத் தவிர, வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போயிற்று. அதையும் நல்ல அறிகுறியாகவே கொண்டேன்.

இரண்டாவது பொதுத் தேர்தல் நடந்த வருடத்து ஆடி மாதம் நான் தலைக்கு ஊற்றிக்கொண்ட தண்ணீரோடு ஒரு சில்லு வந்து உச்சந்தலையில் விழுந்தது. காரையில் ஒரு துண்டு. ஈரத்துணியோடு ஓடி, புதுத் தபால் கார்டுகளை அடுக்கி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருபது கார்டு கனம். அண்டாவுக்கு வயது ஐந்து. எனவே வருடத்துக்கு நாலு கார்டு. கால்வாய்க் கரைத் தட்டு ஒன்பது அங்குலம், அதாவது ஏறக்குறைய தொள்ளாயிரத்து இருபது கார்டு. வகுத்தால் இருநூற்று முப்பது வருடம். ஆனால் அண்டாவில் தினமும் தண்ணீர் கொதிக்கிறது, மண்ணிலோ மழை பெய்தால்தான் உண்டு. ஆகையால் அண்டாவின் ஒரு வருடம் மண்ணின் நூறு வருடத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் இருபத்து மூவாயிரம் வருடம்.

அலுவலகத்தில் டிபன் வேளையில் இதைச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஏன் நூறு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் எங்கள் மகளுக்குத் தலை தீபாவளி.

மாப்பிள்ளைக்கு ரயில்வே ஷெட்டில் வேலை. வைகாசியில் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் பேசிய மொத்தப் பேச்சு 'வாங்க மாமா', 'சரிங்க மாமா', 'வரேன் மாமா'. ஷெட்டில் என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. ரயிலோடு சம்பந்தப்பட்டது என்று விட்டுவிட்டேன். அவருடைய அம்மா வேறு மாதிரி. அவர் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அந்த வீட்டுக் காப்பியின் சூடு, பாயின் கோரை, வாசற்படியின் உயரம் எல்லாம் அவர்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த அம்மாளின் ஒரே பிள்ளைக்கு எங்கள் வீட்டில் விடியற்காலை எண்ணெய் ஸ்நானம். அதற்கு வெந்நீர் வேண்டும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் மனைவி சோதனை நடத்தினாள். அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி, மூன்று கட்டு விறகு வைத்து எரித்தாள். இரண்டரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "கைய வுட்டுப் பாருங்க" என்றாள்.

விட்டுப் பார்த்தேன். "இதமாக இருக்கிறது."

"இதமாவா? மூணு கட்டு வெறகு போயிருக்கு. இந்தத் தண்ணில வாத்து கூட எறங்காது. மாப்ள இத ஊத்திகினு போயி அவங்கம்மா கிட்ட இன்னா சொல்வாரு? மாமியார் வூட்ல பச்சத்தண்ணி ஊத்தி அனுப்ச்சாங்கன்னு சொல்வாரு. பொண்ணு அங்க தல நிமிர முடியுமா?"

பக்கத்து வீட்டு அண்டாவைக் கேட்கலாமே என்றேன்.

"தல தீவாளிக்கு எரவல் அண்டாவா?"

சின்னச் சின்னத் தவலைகளில் தனித்தனியாகக் காய்ச்சிக்கொள்ளலாமே என்றேன். கடைசியாக, காரையைச் சுரண்டினால் இருபத்து மூவாயிரம் வருடம் போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன்.

"போவட்டும். அவ்ளோ வருசம் வெச்சிகினு இன்னா பண்ணப் போறோம்?"

வாரம் முழுக்க இதே பேச்சு. அவளுக்கு வெந்நீர். எனக்குக் காரை. இரண்டும் ஒரே அண்டாவில். நான் அசையவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டினால் ஐந்து மணிக்குச் சூடாகிவிடும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். அவள் அந்தத் தாளை மடித்து, முறுக்குப் பிழியும் அச்சுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை வண்டியில் மகளும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். காப்பி ஆயிற்று. பலகாரம் ஆயிற்று. மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி மாப்பிள்ளையிடம் நேராகப் பேச மாட்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள், கூடம் வரைக்கும் கேட்கிற குரலில். நான் பட்டாசு வாங்க வெளியே கிளம்பிய போது, "உங்கப்பாவ கேட்டா வுட மாட்டாரு. அண்டா உள்ள சுண்ணாம்புக் காளவாயே கட்டிகினு கீது. நாளைக்கி இன்னா ஆவப் போவுதோ" என்று அடுக்களையிலிருந்து கேட்டது. மகளுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பட்டாசுப் பொட்டலத்தோடு திரும்பினால் கொல்லையிலிருந்து டங், டங் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். அண்டா அடுப்பிலிருந்து இறக்கப்பட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மாப்பிள்ளையின் தலையும் தோளும் அதற்குள் இருந்தன. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். வெளியே தெரிந்த கால்களை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். மகள் முறத்தோடு உட்கார்ந்து, உள்ளேயிருந்து வந்து விழுந்த வெள்ளைச் சில்லுகளை அள்ளிக்கொண்டிருந்தாள். மனைவி அடுக்களை வாசலில் நின்று, காயாத எண்ணெயை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை" என்றேன்.

டங் நின்றது. அண்டாவுக்குள்ளிருந்து கம்பீரமான குரல் ஒன்று கேட்டது. "வாங்க மாமா. வெறும் அண்டாவ சூடு காட்டி, குபீர்னு பச்சத்தண்ணிய அடிச்சேன். செம்பு வேற மாதிரி சுருங்கும், காரை வேற மாதிரி சுருங்கும். தானா வுட்டுப் போச்சு. மிச்சத்த மரக்கட்டையால தட்டிகினு இருக்கேன். செம்புக்கு ஒண்ணும் ஆவாது."

தலையை வெளியே எடுத்தார். புருவம், மீசை எல்லாம் வெள்ளை. ஐந்து மாதத்தில் அவர் என்னிடம் பேசிய பேச்சைவிட அந்த ஒரு பேச்சு நீளம்.

"இதான் மாமா எனக்கு வேலையே. இஞ்சின் பாய்லர்ல காரை எடுக்கறது. அத்தைக்கு வெந்நீர் காயலன்னு காதுல வுழுந்துச்சு. இந்த மாதிரி பாய்லர எங்க ஷெட்டுலேந்து வெளிய வுட்டா அன்னைக்கே மெமோ குடுத்துடுவாங்க."

ஐந்து வருடம். இருபத்து மூவாயிரம் வருடம். முறத்தில் கிடந்தது. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை முகம் சுளித்துப் பார்க்கவும் முடியாது. அவருடைய அம்மாவின் தெருவையும் நினைத்துக்கொண்டேன்.

"நல்ல வேலை செய்தீர்கள்" என்றேன். என் குரல் எனக்கே அண்டாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

பெரிய துண்டுகளாவது மிஞ்சட்டும் என்று முறத்தின் பக்கத்தில் குந்தினேன். மாப்பிள்ளையும் குந்தினார். ஒரு துண்டை எடுத்து உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்த பார்வை எங்கள் அலுவலகத்தில் பழைய பத்திரங்களைப் புரட்டுகிறவர்கள் பார்க்கிற பார்வை.

"எவ்ளோ நாளா எடுக்கல மாமா?"

"ஐந்து வருடம். அண்டா வாங்கிய நாளிலிருந்து."

"இல்லியே மாமா."

"இல்லையா?"

"இதோ பாருங்க, பழுப்பா ஒரு கோடு. மழைக் காலத்துல கெணறு கலங்கும் இல்ல, அந்தச் சேறு. மேல வெள்ள, அது வெயில் காலம். திரும்ப பழுப்பு. திரும்ப வெள்ள. அவ்ளோதான். அஞ்சு வருசம்னா அஞ்சு பழுப்பு இருக்கணும். இது ரெண்டு மழைதான் பாத்திருக்கு."

மூன்று துண்டுகளை உடைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பழுப்பு. நான் நாட்குறிப்பை எடுத்து வந்தேன். அண்டா வாங்கிய நாளைக் காட்டினேன். மாப்பிள்ளை நாட்குறிப்பை மரியாதையோடு வாங்கிப் படித்துவிட்டு, திரும்பவும் துண்டைப் பார்த்தார்.

"ரெண்டுதான் மாமா."

அடுக்களை வாசலில் மனைவி கரண்டியை எதற்கோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ உள்ளே கை வைத்தாயா?" என்றேன்.

"ஒரே ஒரு வாட்டி."

"எப்போது?"

அவள் மகளைப் பார்த்துப் பேசினாள். "பொண்ணு பாக்க வந்தாங்களே அப்போ. ராத்திரி தங்கிட்டுக் காலையில குளிப்பேன்னாங்க அவங்கம்மா. வேற இன்னா பண்றது? அதுக்கு மொத வாரம் உங்கப்பா படாளத்துக்கு வேலையா மூணு நாள் போயிட்டாரு. நானும் நீயும் புளியும் செங்கல் பொடியும் வெச்சி ஒரு நாள் பூரா தேச்சோமே. மறந்துட்டியா?"

மகள் மறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்று ஆகிவிட்டது.

நாட்குறிப்பைப் புரட்டினேன். நான் படாளம் போனது இரண்டு வருடத்துக்கு முன் புரட்டாசியில், புதன்கிழமை. மாப்பிள்ளையின் அக்காவுக்கு முதலில் முடியட்டும் என்று கல்யாணம் தள்ளிப் போனதால் அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி வந்து போயிருந்தன. அவர் சொன்ன இரண்டு மழை. அடுத்த வாரம் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்றுகூட எழுதியிருந்தேன். அண்டாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

கொல்லையிலேயே புதுக் கணக்குப் போட்டேன். இருபது கார்டு கட்டியது ஐந்து வருடத்தில் அல்ல, இரண்டே வருடத்தில். வருடத்துக்குப் பத்து கார்டு. கால்வாய்க் கரைத் தட்டு தொண்ணூற்று இரண்டு அண்டா வருடம். நூறால் பெருக்கினால் ஒன்பதாயிரத்து இருநூறு. ஒரு பெண் பார்க்கும் படலத்தில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் பதிமூவாயிரத்துச் சொச்சம் வருடம் குறைந்துவிட்டது.

மாப்பிள்ளை தாளை எட்டிப் பார்த்தார். "நூறுன்னு எப்படி மாமா வெச்சீங்க?"

இத்தனை மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி.

"தோராயமாக" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்த மாதிரித் தலையாட்டலை நான் என் மேலதிகாரியிடம் பார்த்திருக்கிறேன். "எங்க இஞ்சினுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு வாட்டி காரை எடுப்போம். அதுக்குள்ள ரெண்டு கார்டு கட்டிடும். எவ்ளோ தண்ணி கொதிக்குதோ அவ்ளோ காரை. நாளா கட்டுது? தண்ணிதான் கட்டுது. இஞ்சின் கணக்குல போட்டா உங்க சுக்கான் எவ்ளோ மாமா?"

போட்டேன். ஏறக்குறைய பத்தொன்பது வருடம் வந்தது. எங்கள் மகளுக்கு அந்த வருடம் பத்தொன்பது வயது.

"அப்போ மகாபலிபுரமும் இவளும் ஒரே வயசா?" என்றாள் மனைவி. சிரிக்காமல் கேட்டாள். மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார், பிறகு சிரித்துவிட்டோமே என்று பயந்து எழுந்து நின்றார். மகளும் சிரிக்க ஆரம்பித்த பிறகு நான் மட்டும் எத்தனை நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது? மழைத்தண்ணீர் எவ்வளவு மண்ணில் இறங்குகிறது என்று தெரியாமல் வயது சொல்ல முடியாது என்பதை அன்று ஒரு முறத்தின் பக்கத்தில் குந்திக் கற்றுக்கொண்டேன். அதை நான் படித்த புத்தகங்களே வேறு வார்த்தைகளில் சொல்லியிருந்தன. நான்தான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

மாலையில் அண்டாவைத் துலக்கி, கழுத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து நீர் நிரப்பினார்கள். உள்ளே செம்பு, புதுக் காசு போல மின்னிற்று.

விடியற்காலை மனைவி அடுப்பு மூட்டினாள். போன வாரச் சோதனையை நினைத்து மூன்று கட்டு விறகையும் வைத்துவிட்டாள். அண்டாவில் காரை இல்லை என்பது அவளுக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு மணைபோட்டு, தலையில் எண்ணெய் வைத்து, உடம்பெல்லாம் தேய்த்து முடிக்கும்போது கொல்லையில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு விரலை வைத்துவிட்டு உடனே எடுத்தார்.

"சூடு போதுமா கேளு" என்று மனைவி மகளிடம் சொன்னாள்.

"போதுமாம்" என்றாள் மகள்.

விளாவுவதற்குப் பச்சைத்தண்ணீர் இல்லை. இருந்த தண்ணீரையெல்லாம் அண்டாவில் ஊற்றிவிட்டிருந்தார்கள். கிணற்றில் இறைக்கலாம் என்று போனால், அவசரத்தில் என் கையிலிருந்து வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஒரு குடம் கேட்கலாம் என்றேன். மனைவி பார்த்த பார்வையில் அந்த யோசனையை விட்டேன். விறகை இழுத்துவிட்டு, ஆறும்வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று.

தெரு முழுக்க வெடிச்சத்தம். எல்லா வீட்டிலும் குளித்துப் புதுத்துணி உடுத்திவிட்டார்கள். எங்கள் கொல்லையில் மாப்பிள்ளை இடுப்புத் துண்டோடு, காது மடலிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட, அண்டாவின் பக்கத்தில் நின்றார். துணைக்கு நானும் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அவருக்கு இப்போது பேச்சு வந்துவிட்டிருந்தது. எந்த ஊர்த் தண்ணீரில் என்ன நிறத்துக் காரை கட்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டே அண்டாவில் முகம் தெரிகிறதா என்று குனிந்தேன். ஆவி அடங்கியிருந்தது. தண்ணீரின் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக, மாவு தூவியது போல ஒரு படலம் மிதந்தது.

"பாத்தீங்களா மாமா, ஆரம்பிச்சிடுச்சு" என்றார் மாப்பிள்ளை.

"தொடாதீர்கள். மணி பார்த்துக்கொள்கிறேன்" என்று நான் நாட்குறிப்பை எடுக்க உள்ளே போகத் திரும்பினேன்.

பின்னால் சொம்பு அண்டாவுக்குள் இறங்கும் சத்தமும், அதையடுத்துத் தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டன.

"பதமா இருக்கு அத்தை" என்றார் மாப்பிள்ளை, முதல் தடவையாக என் மனைவியிடம் நேராக.